பெஹ்ரிங்கர் யூசிஏ202: ஸ்பீக்கருக்குச் சரி, ஹெட்போனுக்குச் சரிப்படாது

மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம், பக்கத்தை உருட்டினால் வேறொரு சத்தம், கேமைத் திறந்தால் ஊளையே கேட்கும். மேசைக் கணினிக்காரர்கள் வெளிப்புற டாக் (DAC, கணினியின் டிஜிட்டல் தகவலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) தேடக் கிளம்புவது பெரும்பாலும் இங்கிருந்துதான். கிளம்புமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஸ்பீக்கர் கேபிளை கேபினட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து பிடுங்கி, பின்பக்கம் மதர்போர்டில் இருக்கும் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். முன்பக்க ஜாக்குக்கு வரும் ஒயர் கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டையும் மற்ற ஒயர்களையும் உரசிக்கொண்டுதான் வருகிறது. வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். பின்பக்கத்தில் சத்தம் நின்றுவிட்டால் காசு மிச்சம்.

அங்கேயும் நிற்காவிட்டால்தான் யூசிஏ202 என்ற இந்த யூஎஸ்பி டாக்குக்கு வேலை. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. யூஎஸ்பி கேபிள் பெட்டியோடு ஒட்டியே வருகிறது, கழற்ற முடியாது. ஆகவே கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். அது போனால் பெட்டியைத் திறந்து பற்றவைக்க வேண்டியதுதான். ஆர்சிஏ (சிவப்பு-வெள்ளை ஆடியோ கேபிள் செருகும்) இன்புட் ஒரு ஜோடி, அவுட்புட் ஒரு ஜோடி, ஒலித் தகவலை ஒளியாக அனுப்பும் ஒரு ஆப்டிகல் அவுட்புட், வால்யூம் திருகோடு ஒரு ஹெட்போன் ஜாக், ஒரு மானிட்டர் சுவிட்ச். அவ்வளவுதான். உள்ளே இருப்பது பிசிஎம்2902 சிப். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை. சிவப்புப் பெட்டியில் வரும் யூசிஏ222-உம் கிட்டத்தட்ட இதேதான். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதற்கும் தனி டிரைவர் வேண்டாம்.

'இந்தக் காலத்தில் 16 பிட்டா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தச் சிப்பின் டாக் பகுதிக்குத் தரப்பட்டிருக்கும் சிக்னல்-இரைச்சல் விகிதம், அதாவது பாட்டுக்கும் டாக்கின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, 96 டெசிபெல். சாதாரண அறையில் மின்விசிறி ஓடும்போது அதில் பாதிகூடக் காதுக்கு எட்டாது. ஆனால் அந்த 96-ஐ வீணடிக்காமல் இருக்க வேண்டும். விண்டோஸ் வால்யூமை 30 டெசிபெல் இறக்கிவிட்டு ஸ்பீக்கர் திருகை முழுக்க ஏற்றினால், பாட்டு மட்டும் 30 இறங்கும். டாக்கின் இரைச்சல் இருந்த இடத்திலேயே நிற்கும். மிஞ்சுவது 66. ஆகவே கணினியில் வால்யூம் 100, ஏற்றி இறக்குவது ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ. பெட்டியில் உள்ள திருகு ஹெட்போனுக்கு மட்டும். ஆர்சிஏ அவுட்டை அது தொடாது. அதனால் வால்யூம் திருகே இல்லாத ஸ்பீக்கரோடு இதைச் சேர்க்காதீர்கள்.

இனி ஹெட்போன் ஜாக். இந்தப் பெட்டியின் பலவீனம் அங்கேதான். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஒலி சிக்னலுக்கு எதிரான மின்தடை) ஏறக்குறைய 50 ஓம். 32 ஓம் ஹெட்போனைச் செருகினால், மொத்தம் 82 ஓமில் ஹெட்போனுக்குக் கிடைப்பது 39 சதவீத மின்னழுத்தம்தான். சத்தம் குறைவதோடு போனால் பரவாயில்லை. பல ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. நடுப்பகுதியில் 32 ஆக இருப்பது பேஸ் பகுதியில் 70 வரை ஏறுகிறது என்று வையுங்கள். அங்கே 58 சதவீதம் கிடைக்கும். அதாவது பேஸ் மட்டும் சுமார் 3.5 டெசிபெல் தூக்கலாகக் கேட்கும். 'நல்ல பேஸ்' என்று சிலர் மெச்சுவது பல நேரம் இந்தக் கோணலைத்தான். 250, 300 ஓம் ஹெட்போனில் இந்தக் கோணல் அடங்கிவிடும், ஆனால் போதிய சத்தம் வராது. ஹெட்போன்தான் முக்கியம் என்றால் ஆப்பிளின் குட்டி யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டரே மேல். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 1 ஓம். ஐரோப்பாவுக்கான வகை மற்றதைவிடப் பாதி மின்னழுத்தமே தரும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

டாக் மாட்டிய பிறகும் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் விடாமல் கேட்டால் டாக்கைத் திட்டாதீர்கள். கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் தனித்தனி எர்த் இணைப்பு இருந்து, நடுவே ஆடியோ கேபிளின் கிரவுண்டும் சேர்ந்துகொண்டால், அது ஒரு வளையமாகி உறுமும். கண்டுபிடிப்பது எளிது: ஆர்சிஏ கேபிளை அப்படியே விட்டு யூஎஸ்பியை மட்டும் உருவுங்கள். உறுமல் நின்றால் வளையம்தான். முதலில் கணினி, ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் இன்புட் இருந்தால் அதுவே முழுத் தீர்வு. அந்தக் கேபிளில் உள்ள கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ மின்சாரத்தைக் கடத்தாது. (அப்போது ஒலியை மாற்றுவது ஆம்ப்ளிஃபயரின் டாக், இந்தப் பெட்டி வெறும் தபால்காரர்.) இந்த இரண்டு வழியும் சரிப்படாவிட்டால் ஏடியூஎம்4160 சிப் உள்ள யூஎஸ்பி ஐசொலேட்டர் (தகவலை மட்டும் கடத்தி, மின் இணைப்பைப் பிரித்துவைப்பது) போதும். அது 12 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும் என்பதால் பல விலையுயர்ந்த டாக்குகளுக்கு உதவாது. இந்தப் பழைய பெட்டிக்கு அதுவே தாராளம். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒடிக்காதீர்கள். உறுமல் நிற்கும், ஷாக் அடிக்கும்.

விண்டோஸில் இது 'யூஎஸ்பி ஆடியோ கோடெக்' என்ற பெயரில் தெரியும். அதை டீஃபால்ட் அவுட்புட் ஆக்கி, என்ஹான்ஸ்மென்ட் (ஒலியை மெருகேற்றும் விண்டோஸ் வசதி) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வீடியோ அதிகம் பார்ப்பவர் 48 கிலோஹெர்ட்ஸ், சிடி பாடல்களே கேட்பவர் 44.1 வைக்கலாம். நடுநடுவே 'படக் படக்' என்று வெட்டினால் ஹப்பை விட்டு மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். இன்னொரு தொல்லை: இதன் லைன் இன்புட்டை விண்டோஸ் மைக் என்று எண்ணி, உங்கள் நிஜ மைக்கை ஓரங்கட்டிவிடும். அழைப்பில் 'நீங்க பேசுறது கேக்கல' என்று எதிர்முனை சொன்னால், ரெக்கார்டிங் பட்டியலில் இதை முடக்கிவிடுங்கள். கேசட் பதிவு செய்யத்தான் வாங்கினீர்கள் என்றால் முடக்காமல், அட்வான்ஸ்டு பக்கத்தில் 2 சேனல் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் மோனோவாகப் பதிவாகலாம்.

ஹெட்போனில் எதுவுமே கேட்கவில்லை, ஆனால் ஸ்பீக்கர் பாடுகிறது என்றால் மானிட்டர் சுவிட்சைப் பாருங்கள். அது ஆனில் இருந்தால் ஹெட்போனுக்குப் போவது கணினியின் ஒலி அல்ல, ஆர்சிஏ இன்புட்டில் இருப்பது.