பலாலியில இருந்து இண்டிகோ: ரூட் நல்லம், ஆனா பேஸ் இங்க இல்லை

கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு வான் பிடிச்சு இரவிரவா நித்திரை முழிச்சுப் போற சனத்துக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போர்ட் எவ்வளவு பெரிய விசயம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. இந்தியக் கொம்பனி அலையன்ஸ் எயார் சென்னையில இருந்து 2019 நவம்பரில தொடங்கி, கொரோனாவோட நிண்டு, 2022 டிசம்பரில திரும்ப வந்தது. பிறகு இந்திய மலிவு விலைக் கொம்பனி இண்டிகோ, 2024 செப்டம்பர் 1 சென்னைக்கு, 2025 மார்ச் 30 திருச்சிக்கு. எல்லாரும் டிக்கெட் விலையைப் பாத்துத்தான் புக் பண்ணினம், அந்த பிளேன் எங்க இருந்து வருது, இரவு எங்க நிக்குது எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை, உண்மையில அதைத்தான் முதல் பாக்கவேணும்.

மலிவு விலைக் கொம்பனியள் பிளேனைச் சும்மா நிக்க விடமாட்டினம். ஒரே பிளேன் ஒரு நாளில கன இடம் போய்வரும், இரவு பேஸிலதான் தங்கும். திருத்திற ஆக்கள், மேலதிக பைலட்மார் எல்லாம் அங்கதான். பலாலி பேஸ் இல்லை. பிளேன் வந்து ஆக்களை இறக்கி ஏத்தி அப்பிடியே திரும்பிடும். அதால காலமை வேற ஏதோ ஊரில பிந்தினது மத்தியானம் எங்கட தலையில வந்து விழும். சென்னையில ஒரு பிளைட் பிழைச்சா வேற ஒண்டில ஏத்திவிட வழி இருக்கு, பலாலியில அடுத்தது வரும்வரை பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

பிளேன் ஏடிஆர் எண்ட சின்னப் புரொப்பெல்லர் பிளேன், 78 சீட், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு, நடுச் சீட் எண்ட கரைச்சல் இல்லை. பின் கதவாலதான் ஏறவேணும். செட்டை மேல இருக்கிறதால யன்னலால கீழ வடிவாத் தெரியும், கடல் முடிஞ்ச கையோட சிவப்பு மண் தோட்டங்களும் பனையும் வந்திடும், எனக்கு அது ஒண்டுக்காகவே இந்த பிளேனைப் பிடிக்கும். மேல பை வைக்கிற இடம் சின்னன், பெரிய கைப்பெட்டி கொண்டுபோகாதேங்கோ.

சரி, அங்கால போற ஆக்களுக்கு. இண்டிகோ ஒரு நாளைக்கு 2000க்கு மேல பிளைட் ஓட்டுற கொம்பனி, சென்னையில இறங்கினா மதுரை, கோயம்புத்தூர், டெல்லி, சிங்கப்பூர் எல்லாம் அவையளிட்டையே இருக்கு, ஏலுமெண்டா எல்லாத்தையும் ஒரே டிக்கெட்டாப் போடுங்கோ. திருச்சியில இருந்து ஸ்கூட் சிங்கப்பூருக்கும் எயார் ஏசியா கோலாலம்பூருக்கும் போகுது, விலையும் குறைவா வரும், ஆனா டிக்கெட் வேற வேற எண்டா பொதியை நீங்கதான் எடுத்து இமிகிரேசனால வெளிய வந்து திரும்பப் போடவேணும், அதுக்கு இந்திய விசா வேணும். முதல் பிளைட் பிந்தி ரெண்டாவதைத் தவறவிட்டா ரெண்டு கொம்பனியும் பொறுப்பெடுக்காது. அப்பிடிப் போறதெண்டா இடையில ஒரு இரவு வைச்சுப் புக் பண்ணுங்கோ. தஞ்சாவூர், வேளாங்கண்ணிப் பக்கம் போற ஆக்களுக்கு சென்னை தேவையே இல்லை, திருச்சிதான் சுகம்.

1947 டிசம்பரில இலங்கையின்ட எயார் சிலோன் கொம்பனியின்ட முதல் ஓட்டமே கொழும்புப் பக்கம் இரத்மலானையில இருந்து பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்குத்தான். அப்பவே வழியில எங்கட ஊர் இருந்தது. ரன்வேயை நீட்டி ஏ320 மாதிரிப் பெரிய ஜெட் பிளேன் இறங்கிற மாதிரிச் செய்து, ஒரு பிளேனாவது இரவு இங்க தங்கிக் காலமை வெளிக்கிட்டா, சென்னையில அதே நாளே அடுத்த பிளைட்டைப் பிடிக்கலாம். ரூட்டுக்கு நாலு ஸ்டார் குடுப்பன், மற்ற ஸ்டார் அண்டைக்கு.