எங்கள் தோணிக்கு எடுத்த பயணக் காப்பீடு

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் மாலேக்குச் சரக்கு ஏற்றும் எங்கள் தோணிக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் பயணப் பாலிசி, அதாவது குறிப்பிட்ட ஒரு பயணத்துக்கு மட்டுமான காப்பீடு, எடுத்திருந்தோம். நடுக்கடலில் பலகை இடுக்கு வழியாக நீர் புகுந்து இயந்திரம் பழுதானபோது, புறப்பட்ட வேளையிலேயே தோணி கடலுக்குத் தகுதியற்றதாக இருந்தது என்று கூறி அந்நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது.

1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 41ஆம் பிரிவில், பயணப் பாலிசி என்றால் புறப்படும்போது கலம் தகுதியுடன் இருந்தாக வேண்டும் என்பதை எழுதாமலே அடங்கிய உறுதிமொழியாகக் கொள்கிறது. குறிப்பிட்ட காலம் முழுவதற்கும் எடுக்கும் காலப் பாலிசியில் அந்த உறுதிமொழி இல்லை, உரிமையாளர் குறையை அறிந்தே கலத்தை அனுப்பியிருந்தால் மட்டுமே, அக்குறையால் நேர்ந்த இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பாலிசி விற்றவர் எங்களுக்கு விளக்கவே இல்லை என்பது எனக்குப் பெரும் மனக்குறை.

இழப்பை ஆராய்ந்து மதிப்பிடும் சர்வேயரின் பணி மட்டும் பாராட்டுக்குரியது. சாதாரணக் கடல் இடர்களைத் தாங்கும் நியாயமான தகுதியையே சட்டம் கேட்கிறது, எந்தப் புயலுக்கும் அசையாத கலத்தை அல்ல என்பதை உணர்ந்து, புறப்படுமுன் பலகை இடுக்குகளை அடைக்கச் செய்த கலப்பற்று வேலையின் ரசீதுகளையும் படங்களையும் பொறுமையாகப் பார்த்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையின் பேரில் பணம் வந்தது, அதுவும் பதினான்கு மாதங்களுக்குப் பிறகே. இவ்வாண்டு வேறொரு நிறுவனத்தில் காலப் பாலிசி எடுத்திருக்கிறோம்.