மண்ணீரல் வீக்கத்தை அளக்க எந்த ஸ்கேன்?

தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ள எங்கள் மகளின் மண்ணீரல் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்து வரவேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது, ஹட்டனிலேயே அல்ட்ராசவுண்ட் எடுப்பதா, கண்டிக்குக் கொண்டுபோய் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பதா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. வைத்தியரிடம் கலந்து அல்ட்ராசவுண்டையே தெரிவுசெய்தோம். செலவும் பயணமும் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

சி.டி.யின் துல்லியத்தை நான் மறுக்கவில்லை. மண்ணீரலை மெல்லிய குறுக்குவெட்டுகளாகப் படம்பிடிப்பதால் அதன் முழுக் கனவளவையும் அதில் கணிக்கலாம். நீளம், அகலம், தடிப்பு மூன்றும் 10 வீதம் கூடினால் கனவளவு 33 வீதம் கூடிவிடும். நீளத்தை மட்டும் பார்ப்பவருக்கோ 10 செ.மீ. 11 ஆனதாகத்தான் தெரியும். ஆனால் வயிற்றுச் சி.டி. ஒன்றில் வயதுவந்தவர் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறுவதன் உலக சராசரி 2.4 மட்டுமே. பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்தே எடுப்பார்கள் என்றாலும், அதை அடிக்கடி எடுக்க மனம் இடந்தரவில்லை.

எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு துல்லியமான எண் அன்று, முந்தியதோடு ஒப்பிடத்தக்க எண்களின் வரிசை. அல்ட்ராசவுண்டில் அது கிடைக்கும், ஆனால் தானாகக் கிடைக்காது. பிள்ளையை வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை உள்ளிழுத்து நிறுத்தச் சொல்லி, மண்ணீரலுக்குள் இரத்தக் குழாய்கள் நுழையும் இடம் தெரியும் தளத்தில் மிக நீண்ட அச்சை அளக்கவேண்டும். கருவி சற்றுச் சரிந்தாலும் நீளம் குறைந்து தெரியும். ஆகவே அரை செ.மீ. வித்தியாசத்தைக் கண்டு நாங்கள் பதறுவதில்லை. இயன்றவரை அதே இடத்தில், அதே வைத்தியரிடம் எடுக்கிறோம்; பழைய அறிக்கைகளை கிளினிக் கொப்பியோடு கொண்டுபோகிறோம். அறிக்கையில் 'வீக்கம் உண்டு' என்று மட்டும் இருந்தால் அளவையும் எழுதித் தரக் கேட்பது அவசியம், ஏனெனில் வயதைப் பொறுத்து மண்ணீரலின் இயல்பான நீளத்தின் எல்லை மாறும்: 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 6 செ.மீ., 9 வயதில் 11, 15 வயதுக்கு மேல் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13 என்பன பரவலாகப் பயன்படும் மேல் எல்லைகள்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, கனவளவும் கிடைக்கும்; அசையாமல் நெடுநேரம் படுத்திருப்பதுதான் பிள்ளைகளுக்குச் சிரமம். மகளுக்கு அதை இன்னும் எடுக்காததால் இதற்குமேல் அனுபவமாகச் சொல்ல இயலாது. எனினும் இந்நோயில் இருதயத்திலும் ஈரலிலும் சேரும் இரும்பை அளக்க எம்.ஆர்.ஐ. எடுக்கும் நாள் வரும்போது, மண்ணீரலும் முழுமையாகப் படத்தில் விழும்படி எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்பதாக இருக்கிறோம்.