கேன்சர் நோயாளிகளுக்கான 'துணை சிகிச்சை' பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் ஒரு நலவாழ்வு மையத்தில் என் அக்காவுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் இதே பேக்கேஜை விற்கும் இடங்கள் இப்போது பல ஊர்களில் முளைத்துவிட்டன.

அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷனில் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது தினமும் டமாக்சிஃபென் மாத்திரை, நோய் திரும்ப வராமல் இருக்க. நோய் அடங்கிவிட்டது, தூக்கம்தான் போய்விட்டது. நடுராத்திரியில் உடம்பெல்லாம் கொதித்து வியர்த்துக் கொட்டும். கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்றுதான் அங்கே போனோம்.

யோகா, எண்ணெய் மசாஜ், மூலிகைக் கிழி (மூலிகையைத் துணியில் முடிந்து சூடாக ஒத்தடம் கொடுப்பது), 'எதிர்ப்பு சக்தி' காப்ஸ்யூல் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய், முழுவதும் முன்பணம். அக்கா ஆஸ்பத்திரி ஃபைலை நீட்டினாள். அங்கிருந்த அம்மா அதை வாங்கி, திறக்காமலே மேஜை ஓரத்தில் வைத்தார். "நாடி பார்த்தாலே எங்களுக்குத் தெரிஞ்சிரும்மா. அப்புறம், இங்க வர்றதை உங்க டாக்டர்கிட்ட சொல்லிக்க வேண்டாம், அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றார்.

அந்த ஃபைலின் முதல் தாளிலேயே, இடது கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால் அந்தக் கையில் நீர் வடியும் வழி குறைந்துபோகும். அழுத்தமான மசாஜும் அதிகச் சூடும் அங்கே ஆகாது. இவர்களோ அதே கையைத்தான் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்த்து, சுடச்சுடக் கிழி ஒத்தினார்கள். வலிக்கிறது என்று சொன்னதற்கு "கெட்ட நீர் வெளியேறுது" என்று பதில்.

கை வீங்கியது. வளையலைக் கழற்ற முடியாமல் நகைக்கடையில் கொடுத்து வெட்டி எடுத்தோம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். வீக்கம் எப்படியும் வந்திருக்கலாம், ஆனால் இந்த மசாஜும் சூடும் அதைத் தூண்டியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இப்போது பிசியோதெரபியில் அடுக்கடுக்காகக் கட்டுப் போடுகிறார்கள். இந்த வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாமே தவிர, முழுவதும் போகும் என்று யாரும் உறுதி தரவில்லை.

அந்தக் காப்ஸ்யூல் டப்பாவையும் டாக்டரிடம் காட்டினோம். அடர்த்தியான மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் கலந்தது. பார்த்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார். டமாக்சிஃபென் உடம்புக்குள் போய் வேறொரு பொருளாக மாறித்தான் முக்கியமாக வேலை செய்கிறது. மஞ்சள் சத்து சாப்பிட்ட நோயாளிகளின் ரத்தத்தில் அந்தப் பொருளின் அளவு குறைந்ததையும், மிளகுச் சத்தும் சேர்ந்தபோது இன்னும் குறைந்ததையும் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2019-லேயே சொல்லிவிட்டது. குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சள், மிளகுக்குப் பயப்பட வேண்டாம். மாத்திரையாக, அளவு கூட்டி விழுங்குவதுதான் சிக்கல். டாக்டரிடம் சொல்லாதே என்ற பேச்சைக் கேட்டு அக்கா இன்னும் சில மாதம் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

யோகாவையோ மசாஜையோ நான் குறை சொல்லவில்லை. சோர்வுக்கும் பதற்றத்துக்கும் யோகாவும் மூச்சுப் பயிற்சியும் உதவும் என்பதைப் புற்றுநோய் மருத்துவர்களே சொல்கிறார்கள். அக்கா இப்போது ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் யோகா வகுப்புக்குப் போகிறாள், ஓரளவு தூங்கவும் செய்கிறாள். அங்கே சொல்லித் தருபவர் முதல் நாளே ஃபைலைக் கேட்டு வாங்கிப் படித்தார். எந்தக் கையை எவ்வளவு தூக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். உங்கள் ஃபைலைத் திறந்து பார்க்காத இடத்தில், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், உடம்பைத் தொட விடாதீர்கள். கீமோ நடக்கும்போது இன்னும் கவனம் தேவை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சையாக அரைத்த சாறுகளை டாக்டரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது.

பணத்தைக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள்: 'பேக்கேஜ் தொகை திருப்பித் தரப்படாது'. அங்கே சுவரில் 'புற்றுநோய்க்கு நிரந்தரத் தீர்வு' என்று ஒரு போஸ்டர் வேறு. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைப் போட்டோ எடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறோம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீதையும் காப்ஸ்யூல் டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி சொல்வார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அதற்குக் கட்டணமும் கிடையாது.