ரவுண்டா ரிண்டா, பவ்வா பெருக்கலா: ஜாவாவின் மேத் கிளாஸில் எதை எப்போது எடுப்பது?

ஜாவாவில் மேத் கிளாஸைத் தொட எதையும் இம்போர்ட் செய்ய வேண்டாம், ஆப்ஜெக்டும் உருவாக்க வேண்டாம். ஜாவா.லேங் பேக்கேஜிலேயே இருக்கிறது, எல்லா மெத்தடும் ஸ்டாடிக். இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தானோ என்னவோ, பலரும் பெயரை மட்டும் பார்த்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். முழு எண்ணாக்க வேண்டுமா, ரவுண்ட். அடுக்கு வேண்டுமா, பவ். மைனஸை நீக்க வேண்டுமா, ஏப்ஸ்.

ஒரே வேலைக்கு இரண்டு மூன்று வழிகள் இருக்கும் இடங்களை மட்டும் இங்கே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம். சாதாரணமான, சின்ன, பிளஸ் எண்களைக் கொடுத்தால் இவை பெரும்பாலும் ஒரே விடையைத்தான் தரும். அதனால் டெஸ்ட்டில் எல்லாமே பாஸ் ஆகும். மைனஸ் எண் வரும்போது, சரியாகப் பாதியில் நிற்கும் எண் வரும்போது, டைப்பின் (எண்ணைச் சேமிக்கும் வகையின்) எல்லையைத் தாண்டும்போதுதான் சாயம் வெளுக்கும். ஆகவே வேகத்தை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டு ஓரங்களை முதலில் பார்க்கிறேன்.

முழு எண்ணாக்க ஐந்து வழிகள்

தசம எண்ணை முழு எண்ணாக்க மேத் கிளாஸில் நான்கு மெத்தடுகள் உண்டு. ஐந்தாவது, முன்னால் இன்ட் (முழு எண் டைப்) என்று போட்டு காஸ்ட் செய்வது, அதாவது டைப்பை மாற்றுவது. நான்கு எண்களை ஐந்துக்கும் கொடுத்தால் வருவது இது:

| வழி | 2.5 | 3.5 | -2.5 | -2.7 |
|---|---|---|---|---|
| ரவுண்ட் | 3 | 4 | -2 | -3 |
| ரிண்ட் | 2.0 | 4.0 | -2.0 | -3.0 |
| ஃப்ளோர் | 2.0 | 3.0 | -3.0 | -3.0 |
| சீல் | 3.0 | 4.0 | -2.0 | -2.0 |
| இன்ட் காஸ்ட் | 2 | 3 | -2 | -2 |

ரவுண்ட் வரிசையைக் கவனியுங்கள். 2.5 என்றால் 3, ஆனால் -2.5 என்றால் -3 அல்ல, -2. பள்ளியில் படித்த பழக்கத்தில் பாதி என்றால் பூஜ்ஜியத்தை விட்டு விலகும் என்று நினைத்திருப்போம். ஜாவாவின் ரவுண்ட் பாதியை எப்போதும் மேல்நோக்கியே தள்ளும். மைனஸ் பக்கத்தில் மேல் என்றால் பூஜ்ஜியத்தை நோக்கி என்று அர்த்தம். லாபத்தையும் நஷ்டத்தையும் ஒரே கோடில் (புரோகிராம் வரிகளில்) ரவுண்ட் செய்தால் இரண்டும் சமச்சீராக இருக்காது.

ரிண்ட் வேறு ரகம். சரிபாதியாக இருந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். அதனால்தான் 2.5 கீழே இறங்குகிறது, 3.5 மேலே ஏறுகிறது. நிறைய எண்களை ரவுண்ட் செய்து கூட்டும்போது ரவுண்ட் மெத்தடில் மொத்தம் மெல்ல மேல்பக்கம் சாயும். ரிண்ட்டில் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். புள்ளிவிவர வேலைக்கு நான் ரிண்ட்டைத்தான் எடுப்பேன். திரையில் ஒரு எண்ணைக் காட்ட மட்டும் என்றால் ரவுண்ட் போதும். பார்ப்பவர் 2.5-ஐ 3 என்றுதான் எதிர்பார்ப்பார்.

ரிட்டர்ன் டைப்பும், அதாவது திரும்பி வரும் விடையின் டைப்பும், வேறுபடும். டபுளும் ஃப்ளோட்டும் தசம எண் டைப்கள், லாங் என்பது இன்ட்டைவிடப் பெரிய முழு எண் டைப். டபுளைக் கொடுத்தால் ரவுண்ட் லாங் தரும், ஃப்ளோட்டைக் கொடுத்தால் இன்ட் தரும். மற்ற மூன்றும் டபுளாகவே திருப்பித் தரும். இன்ட் காஸ்ட்டில் இன்னொரு ஆபத்து: எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எரர் வராது, சத்தமில்லாமல் 2147483647-இல் போய் நின்றுவிடும். ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேன் மதிப்பைக் கொடுத்தால் காஸ்ட்டும் சரி, ரவுண்ட்டும் சரி, 0 என்று சொல்லிவிடும். கணக்கில் எங்கோ ஓட்டை இருப்பதை அந்தப் பூஜ்ஜியம் அழகாக மூடி மறைத்துவிடும்.

ரவுண்டுக்குப் பதில் எண்ணோடு 0.5 கூட்டி ஃப்ளோர் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஜாவா 6 வரை ஆவணத்திலேயே ரவுண்டுக்கு அப்படித்தான் விளக்கம் இருந்தது. சிக்கல் 0.49999999999999994 என்ற எண்ணில் வெளிப்பட்டது. 0.5-க்குச் சற்றே கீழே டபுளால் குறிக்க முடிகிற கடைசி எண் இது. இதோடு 0.5 கூட்டினால் வரவேண்டிய விடையை டபுளில் குறிக்க இடமில்லை, சரியாக 1.0 ஆகிவிடுகிறது. ஆக, பாதிக்கும் குறைவான ஒரு எண்ணை ஜாவா 6 ஒன்று என்று ரவுண்ட் செய்தது. ஜாவா 7-இல் சரியாக 0 வரும்.

யாருக்கு இந்த எண் தட்டுப்படப் போகிறது என்று கேட்கலாம். சைன் 30 டிகிரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். மேத்.சைன்(மேத்.டுரேடியன்ஸ்(30)) தருவது 0.5 அல்ல, சாட்சாத் அதே 0.49999999999999994. டுரேடியன்ஸ் போடாமல் நேராக மேத்.சைன்(30) என்று எழுதினால் -0.988 என்று ஏதோ வரும். சைன், காஸ் எல்லாம் ரேடியனை மட்டுமே எதிர்பார்க்கும்.

இரண்டு தசம இடம்: ரவுண்ட் எதிர் பிக்டெசிமல்

நூறால் பெருக்கி, ரவுண்ட் செய்து, 100.0-ஆல் வகுப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. 1.005-ஐக் கொடுத்தால் 1.01 வரவேண்டும். வருவது 1.0. காரணம், 1.005 டபுளில் கொஞ்சம் குறைவாகவே சேமிக்கப்படுகிறது, நூறால் பெருக்கினால் 100.49999999999999. கடைசியில் 100.0 என்று போடாமல் 100 என்று போட்டால் கதை இன்னும் மோசம். லாங்கை இன்ட்டால் வகுப்பதாகி தசமமே காணாமல் போய்விடும்.

பணக் கணக்கு என்றால் மேத் கிளாஸ் பக்கமே போகாமல், தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் கிளாஸை எடுப்பதுதான் சரி. அதிலும் ஒரு பிடி உண்டு. நியூ பிக்டெசிமல் என்று எழுதி 1.005-ஐ டபுளாகக் கொடுத்தால் அந்தக் குறைபாடும் கூடவே வந்து சேரும், பாதி வந்தால் பூஜ்ஜியத்தை விட்டு விலகும் ஹாஃப் அப் முறையில் இரண்டு இடத்துக்கு ரவுண்ட் செய்தாலும் 1.00 தான். மேற்கோள்குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் 1.01. வேகம் குறையும், கோடு நீளும், உண்மைதான். ஆனால் எந்த முறையில் ரவுண்ட் செய்கிறோம் என்பதை நாமே பெயர் சொல்லி எழுத வைக்கிறது. பணத்துக்கு அது போதும், நான் வேறு வாதம் தேடமாட்டேன்.

பவ், பெருக்கல், கனமூலம்

முதலில், ஜாவாவில் ^ குறி அடுக்கு அல்ல. 2 ^ 3 என்று எழுதினால் 1 வரும், அது பிட்களின் மேல் நடக்கும் எக்ஸ்-ஆர்.

வர்க்கத்துக்கு பவ்வா, இரண்டு முறை பெருக்கலா என்ற சண்டை பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஜாவா ஓடும்போதே மொழிமாற்றும் அண்மைக்கால ஹாட்ஸ்பாட் கம்பைலர் அடுக்கு 2 என்று கண்டால் தானே பெருக்கலாக மாற்றிக்கொள்ளும், அந்தச் சண்டைக்கு இப்போது பெரிய பொருளில்லை. டைப்தான் உண்மையான வித்தியாசம். பவ் எப்போதும் டபுள் தரும். டபுளில் முழு எண்கள் ஒன்றுவிடாமல் சரியாக நிற்பது 9007199254740992 வரைதான், அதாவது 2-இன் 53-ஆம் அடுக்கு. அதற்கு மேல் இரட்டைப்படை மட்டும், இன்னும் மேலே போனால் நான்கின் மடங்கு மட்டும் என்று இடைவெளி விரிந்துகொண்டே போகும்.

3-இன் 34-ஆம் அடுக்கை எடுங்கள். சரியான விடை 16677181699666569. மூன்றின் எந்த அடுக்கும் ஒற்றைப்படைதான். ஆனால் அந்த உயரத்தில் டபுளுக்கு ஒற்றைப்படை எண்ணே கிடையாது, எனவே பவ் தரும் விடை எப்படியும் ஒன்றாவது பிசகும். லாங் வேரியபிளில் லூப் போட்டுப் பெருக்கினால் துல்லியமாக வரும், லாங்குக்கு இன்னும் ஏராளமாக இடமிருக்கிறது. முழு எண்ணின் அடுக்குக்கு லூப், தசம அடுக்குக்கு பவ் என்று பிரித்துக்கொள்வது நல்லது. லாங்கும் போதாத இடத்தில் பிக்இன்டிஜர்.

கனமூலத்தில் போட்டியே இல்லை. பவ்வில் 64-ஐயும் 1.0/3-ஐயும் கொடுத்தால் 3.9999999999999996. அதை இன்ட்டுக்கு காஸ்ட் செய்தால் 3 என்றாகிவிடும். 1/3 என்று புள்ளியில்லாமல் எழுதினால் முழு எண் வகுத்தலில் 0 ஆகி, விடை 1.0. மைனஸ் 8-ஐக் கொடுத்தால் நேன். இதற்கென்றே ஜாவா 5 முதல் சிபிஆர்டி மெத்தட் இருக்கிறது. 64-க்கு 4.0, மைனஸ் 8-க்கு -2.0 என்று நேராகச் சொல்லும்.

கர்ணத்துக்கு வர்க்கங்களைக் கூட்டி எஸ்கியூஆர்டி (வர்க்கமூலம்) எடுப்பதா, அதையே ஒரே மெத்தடில் செய்யும் ஹைப்பாட்டா? பக்கங்கள் 10-இன் 200-ஆம் அடுக்கு அளவில் இருந்தால் வர்க்கமே இன்ஃபினிட்டி ஆகிவிடும், ஹைப்பாட் அதைச் சமாளிக்கும். அதற்கு விலையாக மெதுவாக ஓடும். திரைப் புள்ளிகளுக்கிடையே தூரம் காண எஸ்கியூஆர்டியே தாராளம்.

மீதிக் குறி எதிர் ஃப்ளோர்மாட்

இந்தப் பட்டியலில் ஆட்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான் என்பது என் எண்ணம். ஜாவாவில் மீதிக் குறியான % போட்டு -7 % 3 என்று எழுதினால் -1. மீதி பிளஸா மைனஸா என்பது வகுபடும் எண்ணையே பின்பற்றும். ஜாவா 8-இல் வந்த மேத்.ஃப்ளோர்மாட்(-7, 3) தருவது 2. இரண்டும் அதனதன் வகுத்தலோடு சேர்ந்து பார்த்தால் சரிதான். சாதாரண வகுத்தல் ஈவை -2 என்கிறது, ஃப்ளோர்டிவ் -3 என்கிறது.

வட்டமாகச் சுற்றும் எதற்கும் ஃப்ளோர்மாட் வேண்டும். ஏழு இடமுள்ள அரேயில் 0-இல் நின்றுகொண்டு ஒரு அடி பின்னால் போனால் 6-க்கு வரவேண்டும். மீதிக் குறி -1 தரும், அடுத்த வரியில் அரே எல்லை தாண்டிய எக்ஸெப்ஷன். ஃப்ளோர்மாட் 6 தரும். மீதிக்குப் பின் ஏழைக் கூட்டி மறுபடி மீதி எடுக்கும் பழைய தந்திரமும் வேலை செய்யும், படிப்பவருக்குத்தான் ஒரு நிமிடம் யோசனை.

ஹாஷ் கோடை (ஒவ்வொரு கீக்கும் கணக்கிடப்படும் முழு எண்ணை) வாளிகளுக்குப் பிரிக்கும்போது சிலர் மேத்.ஏப்ஸ் போட்டுவிட்டு மீதி எடுப்பார்கள். ஏப்ஸ் போட்டாயிற்றே, இனி மைனஸ் எங்கிருந்து வரும்? இன்ட்டின் மிகக் குறைந்த மதிப்பு -2147483648. அதன் பிளஸ் இணை இன்ட்டில் இல்லை, உச்சம் 2147483647 தான். அதனால் ஏப்ஸ் அந்த எண்ணை மைனஸோடு அப்படியே திருப்பித் தருகிறது. கோடிக்கணக்கான கீகளில் ஒன்றுக்கு இப்படி ஹாஷ் விழும், அன்றைக்கு வாளி எண் மைனஸாகும். ஃப்ளோர்மாட்டை நேரடியாகப் போட்டால் ஏப்ஸே தேவையில்லை. ஏப்ஸ்தான் வேண்டும் என்றால் ஜாவா 15-இல் வந்த ஏப்ஸ்எக்ஸாக்ட் அந்த ஒரு மதிப்புக்கு எக்ஸெப்ஷன் வீசும்.

பெயர் எக்ஸாக்ட் என்று முடியும் குடும்பம் முழுக்க இதே குணம்தான். வெறும் பிளஸ் குறியில் 2147483647-ஓடு 1 கூட்டினால் சத்தமில்லாமல் -2147483648 ஆகும். ஆட்எக்ஸாக்ட் அரித்மெடிக் எக்ஸெப்ஷன் போட்டு நின்றுவிடும். எல்லாக் கூட்டலையும் இப்படி எழுதினால் கோடு படிக்க சகிக்காது. வெளியிலிருந்து வரும் எண்களைக் கூட்டும், பெருக்கும் இடங்களில் மட்டும் போடலாம். லாங்கை இன்ட்டாக்கும் இடத்தில் டுஇன்ட்எக்ஸாக்ட்டை மட்டும் யோசிக்காமல் எப்போதும் போடுங்கள். ஜாவாவின் சொந்த பைனரி சர்ச்சிலேயே இரு முனைகளைக் கூட்டும் இடத்தில் ஓவர்ஃப்ளோ (எல்லை தாண்டல்) பல ஆண்டுகள் ஒளிந்திருந்ததை 2006-இல் ஜோஷுவா பிளாக் எழுதினார். அந்த பைனரி சர்ச் கோடை எழுதியவரும் அவரேதான்.

ரேண்டம் எண்

ஒன்றிலிருந்து ஆறு வரை வேண்டும் என்று மேத்.ரேண்டமை இன்ட்டுக்கு காஸ்ட் செய்து ஆறால் பெருக்கினால் எப்போதும் 0. காஸ்ட் முதலில் நடந்துவிடுகிறது, ரேண்டம் தரும் எண்ணோ 1-ஐத் தொடுவதே இல்லை. பெருக்கலுக்கு வெளியே அடைப்புக்குறி வேண்டும். இந்தத் தொல்லைக்கு ரேண்டம் கிளாஸின் நெக்ஸ்ட்இன்ட் மேல்.

மேத்.ரேண்டம் உள்ளே ஒரே ஒரு ரேண்டம் ஆப்ஜெக்டை எல்லா த்ரெட்டுக்கும் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகளுக்கும்) பகிர்ந்து தருகிறது. பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கேட்டால் இடிபடும். அங்கே ஜாவா 7-இன் த்ரெட்லோக்கல்ரேண்டம். டெஸ்ட்டில் அதே வரிசை மறுபடி வேண்டும் என்றால் சீட் (தொடக்க எண்) கொடுத்த ரேண்டம், த்ரெட்லோக்கல்ரேண்டம் சீட் மாற்ற விடாது. பாஸ்வேர்டு, டோக்கன் என்றால் செக்யூர்ரேண்டம் தவிர வேறு பேச்சில்லை.

மேத் எதிர் ஸ்ட்ரிக்ட்மேத்

பெயர்கள் ஏறக்குறைய ஒன்றே. ஸ்ட்ரிக்ட்மேத் எந்த மெஷினிலும் கடைசி பிட் வரை ஒரே விடை தரவேண்டும், எஃப்டிலிப்எம் என்ற நூலகத்தின் வழிமுறைகளை ஒட்டியே அதன் விடைகள் இருக்கும். மேத்துக்குச் சற்றுச் சலுகை உண்டு. சைன், பவ் போன்றவற்றில் கடைசி இலக்கத்தில் நூலிழை விலகலாம், பதிலுக்கு பிராசஸரின் வேகமான கட்டளைகளைப் பயன்படுத்தலாம். எஸ்கியூஆர்டியில் இந்தச் சலுகை கிடையாது, இரண்டும் ஒரே விடைதான்.

ஜாவா 17 முதல் தசமக் கணக்கு எல்லா இடத்திலும் கறாராக்கப்பட்டதால் ஸ்ட்ரிக்ட்மேத்துக்கு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மாற்றம் கூட்டல், பெருக்கல் போன்ற அடிப்படைச் செயல்களுக்கானது. மேத்.சைனுக்கு இருந்த சலுகை அப்படியே இருக்கிறது. இரண்டு கணினிகள் தனித்தனியே கணக்கிட்டு விடைகளை பிட் பிட்டாக ஒப்பிட வேண்டிய சிமுலேஷனோ விளையாட்டோ எழுதினால் ஸ்ட்ரிக்ட்மேத்தை எடுங்கள். மற்ற நேரமெல்லாம் மேத்.