மயாமி-டேட் தோட்டக்காரர்களுக்கு ஓர் இலவச மண் வரைபடம்: வெப் சாயில் சர்வே

புளோரிடாவின் தென்கோடியில், அட்லாண்டிக் கரையை ஒட்டியுள்ள மயாமி-டேட் கவுன்டியில் வீட்டுத் தோட்டம் போட விரும்புகிறவர்கள் கன்று வாங்கக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டியது, அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவு நடத்தும் வெப் சாயில் சர்வே என்ற இணைய மண் வரைபடமாகும். கட்டணம் கிடையாது. முகவரியைத் தட்டி, நம் நிலத்தைச் சுற்றி எல்லை வரைந்தால், அங்குள்ள மண்ணின் பெயர், பாறை வரையிலான ஆழம், வடிகால், கார அமில நிலை, நீரைப் பிடித்து வைக்கும் திறன் ஆகிய அனைத்தும் பட்டியலாக வந்துவிடுகின்றன.

நான் இதைப் பார்க்காமல்தான் தொடங்கினேன். மாங்கன்று நடக் குழி எடுத்தபோது, கடப்பாரை நான்கு விரற்கடை இறங்குவதற்குள் ணங்கென்று பாறையில் மோதியது. கையில் அள்ளிய மண்ணில் பாதிக்கு மேல் வெண்ணிறச் சரளைக்கல். அதன்மேல் சில சொட்டு வினிகர் விட்டதும், சுண்ணாம்பு இருப்பதன் அடையாளமாக நுரைத்துப் பொங்கியது. அன்று மாலை வரைபடத்தைத் திறந்தபோது, க்ரோம் என்ற மண்வகையின் விளக்கத்தில் நான் கண்டதெல்லாம் அப்படியே எழுதப்பட்டிருந்தது: மிகக் குறைந்த ஆழம், அடியில் சுண்ணாம்புப் பாறை, சரளை மிகுதி.

க்ரோம் மண்ணின் பின்னணியை அறிந்தால் அந்த விளக்கம் இன்னும் தெளிவாகும். இந்தக் கவுன்டியின் தென்பகுதியில் பைன் மரக்காடுகள் நின்ற சுண்ணாம்புப் பாறையை, கனரக டிராக்டர்களில் பூட்டிய கலப்பைகளால் கீறி நொறுக்கித்தான் இந்த விளைநிலத்தை உருவாக்கினார்கள். பழத்தோப்புகளில் பாறையைக் குறுக்கும் நெடுக்குமாக அகழிகளாக வெட்டி, அவை வெட்டிக்கொள்ளும் சந்திப்புகளில் மா, வெண்ணெய்ப்பழம், லிச்சி போன்ற மரங்களை நடுகிறார்கள். வேர் ஊன்ற அங்குதான் ஆழம் கிடைக்கிறது. கார அமில அளவு (பி.எச்.) 7.4 முதல் 8.4 வரை, அதாவது காரத்தன்மையுடன் இருப்பதால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மஞ்சளாகிவிடும். கந்தகம் போட்டு மண்ணின் காரத்தைக் குறைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். மண்ணே சுண்ணாம்பாக இருக்கும்போது கந்தகத்துக்குச் செலவிடும் பணம் வீண் என்பதே என் கருத்து. காரமண்ணிலும் சிதையாத இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுவதும், மட்கையும் மூடாக்கையும் விடாமல் சேர்ப்பதும்தான் பலன் தருகின்றன.

தாழ்வான நிலங்களுக்கு இந்த வரைபடம் பிஸ்கேன் மார்ல் என்று பெயர் காட்டும். சாம்பல் நிறத்தில், மாவு போல வழவழப்பாக இருக்கும் இந்தச் சுண்ணாம்பு வண்டலில் தண்ணீர் எளிதில் வடியாது. மழையின் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை பெய்துவிடுவதால், அங்கே மேட்டுப்பாத்தி இல்லாமல் எதையும் நம்பி நட முடியாது.

இந்தச் சேவையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 1:24,000 போன்ற அளவுகோலில் வரைந்த மண் வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 240 மீட்டர். ஒரு கொல்லைப்புறத்துக்குள் இருக்கும் வேறுபாடு அதில் தெரியாது. நகரப் பகுதிகளில் பல இடங்களுக்கு 'நகர்ப்புற நிலம்' என்ற பெயர் மட்டுமே வரும், ஏனெனில் கட்டடங்களும் சாலைகளும் மூடியிருக்கும் இடத்தில் அடியிலுள்ள மண்ணை அடையாளம் காண முடியாது. வேர்முடிச்சு நூற்புழுக்கள் இருக்கின்றனவா என்பதையும் இது சொல்லாது. ஆகவே இதைப் பார்த்த பிறகு, நான்கைந்து இடங்களில் குழி தோண்டிப் பார்த்து, அந்த மண்ணைப் புளோரிடா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கச் சேவை வழியாகப் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம்.

மண்ணுக்கு வெளியே உள்ள விதிகளும் இதில் வராது. கறிவேப்பிலைக் கன்று கொண்டுவர நினைக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எலுமிச்சை இனங்களை அழிக்கும் பசுமையாக்க நோய் அமெரிக்காவில் முதன்முதலில் 2005இல் கண்டறியப்பட்டது இந்தக் கவுன்டியில்தான், அதைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால், கன்றை வெளியிலிருந்து எடுத்துவரும் முன் மாநில வேளாண் துறையின் விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

பயன்படுத்துவதில் ஒரேயொரு குழப்பம் உண்டு. அறிக்கையை எடுக்க 'ஷாப்பிங் கார்ட்' என்ற பகுதிக்குப் போகச் சொல்கிறது. பெயரைக் கண்டு தயங்க வேண்டாம், அங்கும் கட்டணம் இல்லை. அறிக்கை பிடிஎஃப் கோப்பாக வரும். அதில் முதலில் பாறை வரையிலான ஆழத்தைப் பாருங்கள். நான் அதைப் பார்த்த பின்னர், வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் பாறையில் ஒன்றரை அடி அகழி வெட்டி அதே மாங்கன்றை நட்டேன். இந்தப் பருவத்தில் அதன் தளிர்கள் பச்சையாகவே வந்திருக்கின்றன.