பாத்திரமேற்று நடித்தலுக்கான மதிப்பீட்டு அட்டைகள்: ஒரு பருவப் பயன்பாட்டுக்குப் பின்

வகுப்பறையில் பாத்திரமேற்று நடிக்கும் மாணவர்களின் பங்கேற்பை மதிப்பிடுவதற்கென அச்சிட்டு விற்கப்படும் இந்த அட்டைத் தொகுப்பை ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். தயாரிப்பு, பாத்திரப் புரிதல், மொழி, உடன் நடிப்பவருக்குச் செவிகொடுத்தல் என்னும் 4 கூறுகளுக்கும் தலா 4 நிலைகள் உள்ளன. ஒவ்வொரு நிலையும் கண்ணால் காணக்கூடிய செயலாக விவரிக்கப்பட்டிருப்பதே இதன் பெரிய பலம். ‘நன்று’ என்று பொதுப்படச் சொல்லாமல், ‘எதிரில் இருப்பவர் சொன்னதை ஒட்டித் தன் பதிலை மாற்றிக்கொள்கிறார்’ என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவர்–நோயாளி உரையாடலில், மனப்பாடம் செய்த வசனத்தை உரக்க ஒப்பித்த மாணவரைவிட, நோயாளி தயங்கியதும் கேள்வியை மாற்றிக் கேட்ட கூச்ச சுபாவமுள்ள மாணவிக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது இதனால்தான். பழைய முறையில் நானே அவரைக் கவனிக்காமல் விட்டிருப்பேன்.

குறையும் உண்டு. ஐந்து பேர் நடிக்கும் காட்சியில் 20 கட்டங்களை ஒரே ஆசிரியர் நிரப்புவது நடவாத காரியம் என்பதால், ஒரு காட்சிக்கு இரண்டு கூறுகளை மட்டும் குறித்துக்கொண்டேன். சக மாணவர் மதிப்பீட்டுத் தாளோ வெறும் நட்சத்திரக் குறிகளோடு நின்றுவிடுவதால், நண்பருக்கு நண்பர் வாரி வழங்கிவிடுகிறார்கள். அச்சும் தாளும் பரவாயில்லை. அடுத்த பருவத்துக்கும் வாங்குவேன். சக மதிப்பீட்டுத் தாளை மட்டும் நானே எழுதிக்கொள்வேன்.